ஓர் அலமாரிக்குப் பன்னிரண்டு புத்தகங்கள்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய வட்டாரங்களில் புது வீடு எழும்பாத தெருவைக் காண்பது இக்காலத்தில் அரிது. வீடு கட்ட முற்படுகிறவர்கள் பொறியாளர் வரைந்து கொடுத்த படத்தை நம்மிடம் விரித்துக் காட்டுவார்கள். பூஜைக்கு ஓர் அறை உண்டு; சமையலுக்கு ஓர் அறை உண்டு; வாகனம் நிறுத்த இடம் உண்டு; செருப்பு வைப்பதற்குக் கூடக் கதவு போட்ட பெட்டி ஒன்று உண்டு. "புத்தகங்களுக்கு எங்கே இடம்?" என்று நாம் கேட்டால், வீட்டுக்காரர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். பிறகு, "அதற்கென்ன ஸார், எங்கேயாவது வைத்துக்கொள்ளலாம்" என்பார். அந்த "எங்கேயாவது" என்னும் இடம் பெரும்பாலும் பரண்மேல்தான் இருக்கும். பரணிலிருந்து புத்தகம் இறங்குவது பழைய பேப்பர்க்காரர் வரும் நாளில்தான்.

இந்த வட்டாரத்து ஜனங்கள் படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் ரெயில் ஓடியது இவ்வழியாகத்தான். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபைதான் சோஷலிஸ பாணி சமுதாயமே நம் லட்சியம் என்று தீர்மானம் செய்தது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தன. தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் பிழைப்புக்காக வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காகவே வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ்ந்தார்கள். ஆனால் அந்தப் படிப்பு பரீட்சைக்கான படிப்பு. பரீட்சையில் கேட்காத விஷயத்தை ஏன் படிக்க வேண்டும் என்னும் கேள்விக்கு நம் வீடுகளில் இன்னும் சரியான விடை கிடைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், புத்தகத்துக்கு வீட்டில் இடம் ஒதுக்காதவர்களும் புத்தகத்துக்காக ஆண்டுதோறும் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டில் நம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அச்சட்டத்துக்காகப் பல்லாண்டுகள் வாதாடியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகர் ஆனவர் அவர். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று தமிழ்நாட்டில் அது ரூபாய்க்கு 10 காசு. ஆகவே அம்பத்தூரில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் பொது நூலகத்தின் பங்காளிகளே. பங்காளி தம் பங்கைப் போய்ப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை!

நிற்க. சில மாதங்களுக்கு முன்பு, நம் பக்கத்துத் தெருவில் புது வீடு கட்டிக்கொண்டு வந்த ஒரு குடும்பத்தார் நம்மிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். கூடத்துச் சுவரில் இரண்டரை அடி நீளமுள்ள ஒரே ஒரு தட்டு. அதைப் புத்தகங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஒரு தட்டுக்காகவே வீட்டில் பெரிய விவாதம் நடந்ததாம். வீட்டுத் தலைவர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர், "கதைப் புத்தகம் சோறு போடுமா?" என்பது அவர் கட்சி. அவர் மனைவி, "சோறு நான் போடுகிறேன், புத்தகம் வேறு ஏதாவது போடட்டும்" என்றாராம். மூத்த பெண் பொறியியல் கல்லூரி மாணவி. பையன் ஏழாம் வகுப்பு. வீட்டில் பாட்டியும் உண்டு. ஒரு காலத்தில் தொடர்கதைக்காகப் பத்திரிகை வரும் கிழமையை எண்ணிக்கொண்டு இருந்தவர். இப்போது கண் மங்கிவிட்டது. இத்தனை பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு புத்தகங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள்.

பத்தாயிரம் புத்தகங்களைச் சொல்வது எளிது. பன்னிரண்டைச் சொல்வது கஷ்டம். நாம் ஒரு விதியை வைத்துக்கொண்டோம். "எது சிறந்த புத்தகம்?" என்று பார்க்கக் கூடாது, "மனிதனுக்கு இயல்பாகவே எழும் கேள்விகளுக்கு எந்தப் புத்தகம் ஈடு கொடுக்கும்?" என்று பார்க்க வேண்டும். குழந்தை முதல் கிழவர் வரையில் எல்லோருக்கும் உள்ள ஆசை, பிறர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கும் ஆசை. அதைக் குற்றமில்லாமல் நிறைவேற்றிக்கொள்ளச் சிறந்த சாதனம் புத்தகமே அல்லவா?

முதலில் கதைகளைச் சொல்லுகிறோம். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட "பிரதாப முதலியார் சரித்திரம்" தமிழின் முதல் நாவல். அதில் கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேஷம் பூண்டு ஒரு ராஜ்யத்தையே ஆளுகிறாள். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், நீதி ஸ்தலத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் இப்படி எழுதினார் என்பதை நம் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய "பொன்னியின் செல்வன்". ஐந்து பாகங்கள், தட்டில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். "இது எதற்கு, சினிமாவே பார்த்தாகிவிட்டதே?" என்றார் வீட்டுத் தலைவர். நாம் அவரிடம், "தாங்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டோம். கதையின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் ஆடிப் பெருக்கன்று குதிரைமேல் வந்து பார்க்கிறானே, அந்த வீரநாராயண ஏரி, அதுதான் வீராணம். 2004 முதல் அந்த ஏரியின் நீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பிரயாணம் செய்து, பூந்தமல்லிக்குப் பக்கத்திலுள்ள போரூருக்கு வந்து, சென்னைக்குப் பங்கிடப்படுகிறது. சோழர் வெட்டிய ஏரியின் நீரைக் குழாயில் பிடிக்கிறவர் சோழர் கதையைப் படிக்கக் கூடாதா? அவர் சிரித்துவிட்டு ஐந்து பாகங்களுக்கும் சம்மதம் அளித்தார்.

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் மூன்றாவது புத்தகம் தானே வந்து சேர்ந்தது. அசோகமித்திரனின் "தண்ணீர்" என்னும் சிறு நாவல். சென்னையில் ஒரு தெரு. குழாயில் நீர் இல்லை. ஜமுனா, சாயா என்று இரு சகோதரிகள். 1970-களின் ஆரம்பத்தில் எழுதியது. 2019-ஆம் ஆண்டின் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்ததையும், லாரிக்காகக் குடங்கள் வரிசையில் தவம் கிடந்ததையும் கண்டவர்கள் இந்நாவலைப் படித்தால், நேற்று எழுதியதோ என்று திகைப்பார்கள். அதே ஏரி 2015 டிஸம்பரில் நிரம்பி வழிந்தபோது அடையாற்றங்கரை பட்ட பாட்டையும் நாம் கண்டோம். தண்ணீர் இல்லாத காலத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது, கதைதான் சொல்லும்.

நான்காவது, புதுமைப்பித்தனின் சிறுகதைகள். 1948-இல் தமது 42-ஆம் வயதில் மறைந்த அம்மேதை, கடவுளையே சென்னைக்கு வரவழைத்துக் கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி சாப்பிட வைத்தார். ஐந்தாவது, ராஜம் கிருஷ்ணனின் "கரிப்பு மணிகள்". தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலில் வேகும் தொழிலாளரைப் பற்றியது. அந்த அம்மையார் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்யாமல், உப்பளத்துக்கே சென்று அங்குள்ளவர்களோடு பேசிப் பழகி எழுதினார். 1930-இல் தேசம் உப்புக்காகச் சிறை சென்றது. அந்த உப்பை விளைவிக்கிறவர்களின் வாழ்வு பிறகு எப்படி இருந்தது என்று அறிய வேண்டாமா?

இனிக் கதையல்லாதவை. உ. வே. சாமிநாதையரின் "என் சரித்திரம்" இல்லாத தமிழ் வீடு தன் முகவரியை அறியாத வீடு. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என்று கேட்ட ஒரு கேள்வி ஐயரவர்களின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. ஏழு ஆண்டுகள் உழைத்து 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளில் இருந்த செல்வம் நம் கைக்கு வந்த கதை இது. கேள்வி கேட்பவர்களுக்கு என்ன பயன் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு புத்தகத்தைக் காட்டினால் போதும்.

காந்தி மகாத்மாவின் "சத்திய சோதனை" ஏழாவது. ஏ. கே. செட்டியாரின் "அண்ணல் அடிச்சுவட்டில்" எட்டாவது. மகாத்மாவைப் பற்றிய படச்சுருள் உலகில் எங்கெங்கே உள்ளது என்று தேடிக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து, 1940-இல் ஒரு முழுப் படமாக்கி வெளியிட்ட தமிழர் அவர். பெரிய பணக்காரர் அல்லர். அதிகாரம் உள்ளவரும் அல்லர். ஓர் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டால் தனி மனிதன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இந்தப் பிரயாணக் கதையே சான்று. ஒன்பதாவது, ஜவாஹர்லால் நேரு சிறையிலிருந்து தம் புதல்வி இந்திராவுக்கு எழுதிய உலக சரித்திரக் கடிதங்களின் தமிழாக்கம். சுமார் இருநூறு கடிதங்கள். கையருகில் நூலகம் இல்லாமல் சிறைக்குள் எழுதியவை. 1934-இல் புத்தகமாக வெளிவந்தன. தகப்பன் மகளுக்கு விட்டுச் செல்லத்தக்க சொத்து எது என்று அது காட்டும்.

ஏழாம் வகுப்புப் பையனுக்காக இரண்டு. மா. கிருஷ்ணனின் "மழைக்காலமும் குயிலோசையும்" ஒன்று. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர் காக்கையையும் அணிலையும் நாம் பார்த்தும் பாராமல் விட்ட விதத்தை நமக்கே எடுத்துக் காட்டுகிறார். அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளில் இறங்கும் பறவைகளுக்குப் பெயர் உண்டு என்று பையனுக்கு அதைப் படித்த பிறகுதான் தோன்றும். மற்றொன்று, பெ. நா. அப்புஸ்வாமியின் விஞ்ஞானக் கட்டுரைகள். வக்கீல் தொழிலில் இருந்துகொண்டே, விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று வாழ்நாள் முழுவதும் நிரூபித்துக் காட்டியவர் அவர்.

பன்னிரண்டாவது புத்தகத்துக்குத்தான் வாக்குவாதம். நாம் சொன்னது பாமாவின் "கருக்கு". 1992-இல் வெளிவந்த தன்வரலாறு. தீண்டாமையைத் தாமே அனுபவித்த ஒரு பெண், தம் ஊரார் பேசும் மொழியிலேயே எழுதியது. "வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், இந்தத் துன்பமெல்லாம் அவர்களுக்கு எதற்கு?" என்றார் தலைவர். இதற்குப் பதில் நாம் சொல்லவில்லை. கல்லூரிப் பெண் சொன்னாள். "அப்பா, அந்த அம்மா குழந்தையாக இருந்தபோதே அதைப் பட்டிருக்கிறார். நான் படிக்கக் கூடவா கூடாது?" என்றாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை. புத்தகம் தட்டில் ஏறியது.

கலைக்களஞ்சியம் வேண்டாமா என்று பையன் கேட்டான். வேண்டும்தான். அவினாசிலிங்கம் செட்டியார் 1946-இல் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரையில் பத்துத் தொகுதிகள் வெளியிட்டது. ஆனால் அந்தப் பத்தும் ஏறினால் மற்றவை இறங்க வேண்டும். அதற்குத்தான் பொது நூலகம் இருக்கிறது. பிரித்துத் தேட வேண்டிய புத்தகம் நூலகத்தில் இருக்கட்டும். பிரியாமல் உடன் வாழ வேண்டிய புத்தகம் வீட்டில் இருக்கட்டும். மேலும், அக்கலைக்களஞ்சியத்தை இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இனாமாகவே படிக்கலாம்.

பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் பன்னிரண்டும் வாங்கியாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். அன்று வீட்டு அம்மாளின் அண்ணன் மகனும் வந்திருந்தான். பன்னிரண்டு வயது, பிறவியிலேயே பார்வை இல்லாதவன், பூந்தமல்லியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். பையன் ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பெயர் சொல்லி அவன் கையில் கொடுத்தான். அவன் ஒவ்வொன்றையும் திறந்து, பக்கத்தின்மேல் விரல்களை ஓட்டிப் பார்த்து, மூடி வைத்தான். பன்னிரண்டும் முடிந்த பிறகு நம் பக்கம் திரும்பி, "மாமா, இதில் எனக்கு எத்தனை?" என்று கேட்டான்.

கோபமாகக் கேட்கவில்லை; கணக்குக் கேட்பதுபோல் கேட்டான். பாட்டி தம் ஆசனத்திலிருந்து, "அவனுக்கு மட்டும் இல்லை, எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

"ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்" என்பது ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது. அதே ஆண்டில்தான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போயிற்று. நூலகத்துக்கு வர முடியாதவரிடம் நூலகமே போக வேண்டும் என்பதுதான் அதன் தாத்பரியம். கண்ணால் படிக்க முடியாதவரிடம் புத்தகம் எந்த வண்டியில் போவது?

ஒரு வண்டியைப் பிரான்ஸ் தேசத்துச் சிறுவன் ஒருவன் கண்டுபிடித்தான். 1809-இல் பிறந்த லூயி பிரெயில், சேணம் தைக்கும் தகப்பனாரின் பட்டறையில் கூரிய கருவி பட்டு மூன்று வயதில் கண்ணை இழந்தான். பதினைந்தாம் வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்டு ஓர் எழுத்து முறையை அமைத்தான். ஆறு புள்ளிகளில் எவை மேடாக நிற்கின்றன என்பதைப் பொறுத்து 63 குறிகள் கிடைக்கும். விரல் நுனி ஒரே தொடுதலில் அறிந்துகொள்ளும் அளவே ஒரு குறியின் அளவு. 1951 முதல் நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை வழங்குகிறது. அந்த ஆறு புள்ளிகளில் தமிழும் அடங்கும்.

ஆனால் விரல் நுனியைச் சிறிதாக்க முடியாது. ஆகவே எழுத்தையும் சிறிதாக்க முடியாது. தடித்த காகிதத்தில் மேடாக அச்சிடுவதால், கையடக்கமான ஒரு நாவல் பிரெயிலில் பல பெரிய தொகுதிகளாகிவிடும். பொன்னியின் செல்வன் முழுவதும் பிரெயிலில் வந்தால் இரண்டரை அடித் தட்டு எம்மட்டு! இப்படிப்பட்ட புத்தகங்களை அச்சிடும் அச்சகமும், பார்வையற்றோருக்கான அரசினர் பள்ளியும், தேராதூனிலுள்ள தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் இருப்பது நம் பூந்தமல்லியில்தான். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் என்று அறிவோம். பிரியாணிக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் அவ்வூரை அறிவோம். விரலால் படிக்கும் புத்தகம் அச்சாகும் ஊர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சட்டமும் துணை நிற்கிறது. 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி பார்வையற்றோர் படிப்பதற்காக ஒரு நூலைப் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்றுவது குற்றமாகாது. 2013-இல் மராகேஷ் நகரில் இதே நோக்கத்துக்காக ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. அதை 2014-இல் முதன்முதலாக ஏற்று உறுதி செய்த தேசம் இந்தியா. இது நாம் பெருமை கொள்ளத்தக்க விஷயம். ஆனால் கதவைத் திறந்து வைப்பதோடு சட்டத்தின் வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே விருந்து சமைப்பது நம் வேலை. புதிதாக வரும் தமிழ்ப் புத்தகங்களில் பிரெயிலுக்கும் ஒலிக்கும் வந்து சேருகிறவை மிகச் சொற்பம்.

அந்த வீட்டில் ஒரு காரியம் செய்தார்கள். இரவு ஏழரை மணி முதல் எட்டு மணி வரை தொலைக்காட்சிக்கு ஓய்வு. கல்லூரிப் பெண் உரக்கப் படிப்பாள். அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து பூந்தமல்லிக்கு அனுப்புவார்கள். இது புதுமை அல்ல. நம் பாட்டனார் காலத்தில் பத்திரிகை வந்தால் வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்பதே வழக்கம். முதலில் எடுத்தது "தண்ணீர்". மூன்றாம் நாள், கதையே வேண்டாம் என்ற தலைவர், லாரிக்குப் பின்னால் தாம் குடத்தோடு ஓடிய கதையைச் சொல்லத் தொடங்கினாராம். அதுவும் பதிவாகிவிட்டது. பூந்தமல்லிப் பிள்ளையோ சும்மா கேட்டுக்கொண்டிருப்பவன் அல்லன்; "அக்கா நேற்று ஒரு பத்தியை விட்டுவிட்டாள்; கதை முன்பின் பொருந்தவில்லை" என்று செய்தி அனுப்பினான். தேடிப் பார்த்தால் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன!

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூர் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே வாழ்ந்த பூசலார் நாயனாரிடம் கோயில் கட்டப் பொருள் இல்லை. அவர் மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, நாள் குறித்து, கும்பாபிஷேகம் வரையில் ஒரு கோயிலை எழுப்பினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய அரசன் கனவில் இறைவன் தோன்றி, "அன்பன் கட்டிய கோயிலுக்கு முதலில் போக வேண்டும், உன் விழாவைத் தள்ளி வை" என்றானாம். படிக்கக் கேட்டுக் கேட்டு மனத்துக்குள்ளே நூலகம் கட்டுகிற பிள்ளையும் பாட்டியும் அந்த நாயனாரின் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பது பொருத்தந்தான். ஆயினும் மனக்கோயில் போதும் என்று நாம் இருந்துவிடலாகாது. பூசலாருக்குக் கல் கிடைக்கவில்லை. நம்மிடம் காகிதமும் அச்சகமும் சட்டமும் ரூபாய்க்கு 10 காசும் இருக்கின்றன.

நாம் சொன்ன பன்னிரண்டில் நேயர்கள் பலருக்கு ஆட்சேபம் இருக்கும். இருக்கட்டும், நாலு புத்தகத்தை இறக்கி வேறு நாலை ஏற்றிக்கொள்ளட்டும். பட்டியல் தயாரான பிறகு ஒரே ஒரு காரியம் செய்யுமாறு வேண்டுகிறோம். வீட்டில் உள்ளவர்களையும் வந்து போகிறவர்களையும் நினைத்துப் பார்த்து, "இதில் எட்டாமல் நிற்பவர் யார்?" என்று கேளுங்கள். விடை கிடைத்ததும் அருகிலுள்ள கிளை நூலகத்துக்குச் சென்று, அவருக்கு உரிய வடிவில் ஒரு புத்தகம் வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். கேட்பதற்கு உரிமை உண்டு. வரி கட்டியிருக்கிறோம் அல்லவா?